ஐந்து பேருக்கு ஒரு சின்ன சொகுசு செடான்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

(பதில் எழுதுபவர், கார் வாங்குவோருக்காக வண்டிகளைப் பரிசோதித்துத் தரும் வாகனப் பொறியாளர்.)

வாசகரின் கேள்வி, சுருக்கமாக:

பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் இந்த வாசகருக்கு 39 வயது. எட்டு வருடமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். ஒரு ஜெர்மன் செடான் வாங்கிவிட வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே இருக்கும் ஆசை. இப்போது சம்பளம் உயர்ந்திருக்கிறது. பழைய காரை விற்று வரும் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று திட்டம். கையில் இரண்டு தேர்வுகள். ஒன்று, புத்தம் புதிய ஆடி ஏ3 செடான். இன்னொன்று, கிட்டத்தட்ட அதே விலைக்கு, நிறுவனமே சான்றளித்து விற்கும் மூன்று வருடப் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். அலுவலகம் 9 கி.மீ. தூரம், வழியெல்லாம் நெரிசல். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு நெடுந்தூரப் பயணம். வீட்டில் மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலியோடு இருக்கும் 71 வயது அப்பா.

"இரண்டுமே சொகுசு கார், இரண்டுக்குமே ஐந்து நட்சத்திரம். அப்படியானால் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காதுதானே? மாதத் தவணை என் கைக்குள் அடங்குகிறது, அதனால் வண்டியை வைத்துக்கொள்வதிலும் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன். டீசல் எடுத்தால் மிச்சமாகுமா? பெரிய சக்கரங்கள் உள்ள ஸ்போர்ட் பேக்கேஜ் எடுக்கலாமா? என் மனைவிக்குக் கார் விஷயத்தில் ஆர்வம் கிடையாது. படத்தைக் காட்டியபோது, 'இதில் நான் எங்கே உட்காருவேன்?' என்று மட்டும் கேட்டாள்" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

இருபது வருட ஆசையை இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரை ஆசைப்பட்டு வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை, அதற்காக யாரிடமும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். உங்கள் மனைவி கேட்டது ஆர்வமில்லாதவர் கேட்கும் கேள்வி அல்ல. இந்த வகைக் காரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"நான் எங்கே உட்காருவேன்?"

நீங்கள் ஓட்டுவீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்குப் பின்கதவு வழியாகத் தாழ்ந்த செடானுக்குள் நுழைவது கஷ்டம் என்பதால் அப்பா முன்னால் உட்காருவார். மகனுக்குக் குழந்தை இருக்கை வேண்டும். மகள் இன்னும் 135 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை என்றால் அவளுக்கும், பெல்ட் சரியாகப் பொருந்துவதற்காக, உயர்த்தி இருக்கை (பூஸ்டர்) வேண்டும். பல நாடுகளில் 150 சென்டிமீட்டர் வரை வேண்டும் என்கிறார்கள். குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்னிருக்கையின் இரு ஓரங்களிலும்தான் இருக்கும். ஆக, இரண்டு பிள்ளைகளும் ஓரங்களுக்குப் போய்விட்டால், மாதந்தோறும் அந்த நெடுந்தூரம் முழுவதும் நடு இடத்தில் உட்காரப் போவது உங்கள் மனைவி.

அந்த நடு இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 3 சீரிஸில் என்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களுக்கு. இரண்டையும் இணைக்கும் தண்டு தரைக்கு நடுவே போவதால் அங்கே உயரமான மேடு இருக்கும். இரண்டு கால்களையும் மேட்டுக்கு இருபுறமும் பிரித்து வைக்க வேண்டும். ஏ3 அடிப்படையில் முன்சக்கர இயக்கம்தான் என்றாலும், நான்கு சக்கர இயக்க வகைக்கும் அதே உடல் பயன்படுவதால் அதிலும் மேடு உண்டு. நடு இருக்கையின் மெத்தை மற்ற இரண்டையும்விடக் கடினமானது, சற்றே உயர்ந்தது. அங்கே உட்காருபவரின் தலை கூரைக்குப் பக்கத்தில் போய்விடும். எல்லாவற்றையும்விட மோசமானது, நடு பெல்ட்டின் பூட்டு குழந்தை இருக்கையின் அடியில் சிக்கிக்கொள்வது. கையை நுழைத்துத் தேடிப் பூட்ட வேண்டியிருக்கும். அவசரத்தில் பலர் பூட்டாமலே போய்விடுகிறார்கள்.

3 சீரிஸ் பெரிய கார், அதில் இடம் கிடைத்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நீளத்தில் பெரியதுதான். இரண்டு அச்சுகளுக்கும் இடையே அதற்கு 2,851 மி.மீ., ஏ3 செடானுக்கு 2,636 மி.மீ. ஆனால் அந்த 215 மி.மீ. முழுவதும் பின்னிருக்கைக்காரரின் முழங்காலுக்கு வந்துவிடாது. 3 சீரிஸில் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரங்களும் நன்றாக முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. கணிசமான நீளம் அங்கேயே போய்விடும். ஏ3-இல் என்ஜின் குறுக்காக இருப்பதால் இடம் மிச்சம். அகலத்திலோ, கண்ணாடிகளைக் கழித்துப் பார்த்தால், 3 சீரிஸ் 1,827 மி.மீ., ஏ3 1,816 மி.மீ. வெறும் 11 மி.மீ. வித்தியாசம். மூன்று பேர் தோளோடு தோள் உட்காரும் பிரச்சினையை இரண்டு கார்களுமே தீர்க்கப் போவதில்லை.

ஆகவே முதல் வேலை: விற்பனை நிலையத்துக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். ஐந்து பேரும் போங்கள், இரண்டு குழந்தை இருக்கைகளையும் எடுத்துக்கொண்டு. அவற்றைப் பின்னால் மாட்டி, மனைவியை நடுவில் உட்காரச் சொல்லி, அவரே பெல்ட்டைப் பூட்டட்டும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அப்பா ஏறி இறங்குவதை உதவிக்குப் போகாமல் தள்ளி நின்று பாருங்கள். ஒரு கையால் கதவுத் தூணைப் பிடித்து, தலையைக் குனிந்து, முதலில் இடுப்பை இறக்கிவிட்டுப் பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இறங்கும்போது எழ முடியாமல் இரண்டாவது முறை முயல்கிறாரா? அப்படியானால் முன்னிருக்கையை முழுவதும் உயர்த்திவிட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் சிரமப்பட்டால், எந்த நிறுவனத்தின் செடானும் அவருக்கு உதவாது. தரையிலிருந்து உயர்ந்த இருக்கைதான் வேண்டும்.

ஒரே வகுப்பு என்பது பாதி உண்மை

இரண்டுமே சொகுசு கார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் உள்ளிட்ட பல கார்களுக்குப் பொதுவான எம்க்யூபி என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. இது குறை இல்லை, நன்றாகத் தேறிய அடித்தளம். அதன் மேல் ஆடி போட்டிருக்கும் உட்புற வேலைப்பாட்டுக்கும், ஒலித் தடுப்புக்கும், சின்னத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறீர்கள். 3 சீரிஸ் 1975 முதல் பின்சக்கர இயக்கத்தோடு, ஓட்டுபவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டுவரும் கார். முன்னும் பின்னும் எடை ஏறத்தாழ சமமாகப் பிரிந்திருப்பது திருப்பங்களில் உடனே தெரியும். ஓட்டும் இன்பம்தான் உங்கள் இருபது வருட ஆசை என்றால், சந்தேகமே இல்லாமல் 3 சீரிஸ்.

ஏ3 எடுப்பதானால் என்ஜின் வகையைக் கவனியுங்கள். திறன் குறைந்த வகைகளில் பின்புறச் சஸ்பென்ஷன், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் எளிய முறுக்குச் சட்டம். திறன் கூடியவற்றில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் பல இணைப்பு முறை. மேடுபள்ளத்தில் இந்த வேறுபாட்டைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் உணர்வார். விளம்பரத் தாளில் இது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நெரிசலைப் பொறுத்தவரை கியர்பெட்டியும் முக்கியம். ஏ3-இன் தானியங்கிக் கியர்பெட்டி இரட்டைக் கிளட்ச் முறை. வேகத்தில் அருமையாக வேலை செய்யும். அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்துப் பாதி நழுவி ஓடுவதால் சூடேறும், சிறு குலுக்கலும் வரலாம். 3 சீரிஸின் எட்டு வேகப் பெட்டி டார்க் கன்வெர்ட்டர் முறை. அதில் இணைப்பு திரவத்தின் வழியாக நடப்பதால் ஊர்ந்து போவது வழவழப்பாக இருக்கும். உங்கள் 9 கி.மீ. பாதைக்கு இது பொருத்தம்.

நட்சத்திரங்களை ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள்

கார்களை மோத வைத்து நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் 3 சீரிஸ் 2019-இல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 97 சதவீதம் பெற்றது. ஏ3 2020-இல் 89 சதவீதம். இதை வைத்து ஏ3 பாதுகாப்பில் பின்தங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020-இல் சோதனை முறையே கடுமையாக்கப்பட்டது. மோத வைக்கும் தடுப்பும் மாறியது. வேறு வேறு விதிகளில் கிடைத்த மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. நேர்மோதல் முடிவுகளை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையேதான் ஒப்பிட வேண்டும் என்பதும் உண்டு. இரண்டுமே பாதுகாப்பான கார்கள். ஆனால் நடுவில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் இந்த நட்சத்திரங்கள் அவரைக் காப்பாற்றாது. பெல்ட் பூட்டைப் பற்றி மேலே அவ்வளவு விரிவாக எழுதியது இதனால்தான்.

காரின் விலை இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இது. தவணை கட்ட முடிவதும் காரை வைத்துக்கொள்ள முடிவதும் வேறு வேறு கணக்குகள். புதிய காரின் மதிப்பு முதல் சில வருடங்களில்தான் வேகமாகச் சரியும். மூன்று வருடப் பழைய காரை எடுக்கும்போது அந்தச் சரிவை முந்தைய உரிமையாளர் தாங்கிவிட்டார், அது உங்களுக்கு லாபம். ஆனால் அந்தக் காருக்கு ஒரு முகப்பு விளக்கு உடைந்தால், இன்றைய புதிய 3 சீரிஸ் வைத்திருப்பவர் என்ன கொடுப்பாரோ அதையேதான் நீங்களும் கொடுக்க வேண்டும். ஏ3 விலைக்கு வாங்கிய காருக்கு 3 சீரிஸ் செலவு.

அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்இடி முகப்பு விளக்கில் பல்பு மட்டும் மாற்ற வழி பெரும்பாலும் இல்லை, முழு அலகும் மாற்ற வேண்டியிருக்கும். ஓட்டுநர் உதவிக் கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடியும் அளவிட்டுச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். நிற்கும்போது என்ஜின் தானாக அணையும் வசதி உள்ள கார்களுக்கு ஏஜிஎம் (அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் வகை) அல்லது அதற்கு நிகரான பேட்டரி வேண்டும். பிஎம்டபிள்யூவில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக் பட்டைகளோடு வட்டுகளையும் மாற்றச் சொல்வது இந்தக் கார்களில் சாதாரணம்.

அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் ஐந்து விஷயங்களுக்கு எழுத்தில் விலை கேளுங்கள்: நான்கு டயர், முன்பிரேக் வட்டும் பட்டையும், ஒரு முகப்பு விளக்கு, முன்கண்ணாடி அளவீட்டோடு, பேட்டரி பதிவோடு. காப்பீட்டுத் தொகையையும் இரண்டு கார்களுக்கும் தனித்தனியே கேளுங்கள். இவற்றுக்கான தொகையைத் தவணைக்கு வெளியே ஒதுக்கி வைக்க முடிந்தால்தான் 3 சீரிஸ் உங்கள் கைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தக் காருக்குள் உட்காராதீர்கள்.

டீசல் வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, என்ஜின் நன்றாகச் சூடேறிச் சில நிமிடங்கள் ஒரே சீராக ஓட வேண்டும். 9 கி.மீ. நெரிசலில் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு நெடும்பயணத்தை நம்பி டீசல் வாங்கக் கூடாது.

பெரிய சக்கரமும் வேண்டாம். 17 அங்குலச் சக்கரத்துக்கான, 225/45 ஆர்17 என்று எழுதிய டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் 225 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம், அதாவது ஏறக்குறைய 101 மி.மீ. 225/40 ஆர்18 என்றால் 90 மி.மீ. பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். 11 மி.மீ. குறைந்தால் அந்த அடி சக்கர விளிம்புக்கும் உங்கள் அப்பாவின் முதுகுக்கும் போகும். 3 சீரிஸில் ரன்-ஃபிளாட் டயர் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. ஓட்டலாம் என்பது அதன் வசதி. பக்கச்சுவர் விறைப்பானது, மாற்று டயரும் இருக்காது, காற்றில்லாமல் ஓட்டிய பின் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும் என்பவை அதன் விலை. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது

சான்றளித்த கார் என்றால் சோதனை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சான்றளிப்பவரும் விற்பவரும் ஒரே தரப்பு. விற்பனையோடு தொடர்பில்லாத ஒருவரைக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கார் பாருங்கள். 3 சீரிஸ் அரிதான வண்டி இல்லை.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். அவர்கள் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து முன்பக்க மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து உலோகம் தெரிந்தால் அந்தப் பாகம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம். மூன்று வருடக் காரில் நான்கும் நான்கு விதத் தேதியில் இருந்தால், அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது என்று யோசிக்க வேண்டும். 17 எழுத்துகள் கொண்ட அடையாள எண் முன்கண்ணாடியின் கீழும், கதவுத் தூணிலும், ஆவணத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்து, நிறுவனம் திரும்ப அழைத்த குறைகள் ஏதும் சரிசெய்யாமல் நிற்கிறதா என்று கேட்டு வாங்கலாம். கார் மேல் பழைய கடன் பாக்கி இல்லை என்பதற்கும் தாள் வேண்டும்.

பலர் மறப்பது கைப்பேசிச் செயலி. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், கார் நிற்கும் இடத்தை அவரால் தொடர்ந்து பார்க்க முடியலாம், சில வசதிகளில் கதவையும் திறக்க முடியலாம். உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். இணைய வசதிகளில் எவை எத்தனை வருடத்துக்கு இலவசம், எவற்றுக்குப் பிறகு சந்தா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என் கருத்து

ஐந்து பேர் சோதனையில் மனைவியால் நடுவில் நிம்மதியாக உட்கார முடிகிறது, அப்பாவால் ஏற முடிகிறது, சான்றளித்த உத்தரவாதம் குறைந்தது இரண்டு வருடம் மிச்சம் இருக்கிறது, செலவுக்கு ஒதுக்க முடிகிறது என்றால் பெட்ரோல் 3 சீரிஸை, 17 அங்குலச் சக்கரத்தோடு, தயங்காமல் எடுங்கள். செலவுக் கணக்கு மட்டும் இடித்தால் ஏ3, சின்னச் சக்கரத்தோடு.

மனைவியால் உட்கார முடியவில்லை என்றால் இரண்டுமே வேண்டாம். நேர்மையாகச் சொன்னால், இதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது இரண்டு வழி உண்டு. பழைய ஹேட்ச்பேக்கை விற்காமல் வைத்துக்கொண்டு, மகள் உயர்த்தி இருக்கை தேவையில்லாத அளவு வளரும்வரை காத்திருக்கலாம். அவளுக்கு அது அதிகம் போனால் இரண்டு மூன்று வருடம். அந்த இடைவெளியில் தவணை அளவுக்கான தொகையைச் சேமித்தால் கடனும் குறையும். அல்லது இதே பணத்துக்குச் சொகுசுப் பெயர் இல்லாத, ஆனால் அகலமும் இருக்கை உயரமும் கூடிய குடும்பக் காரை இப்போதே எடுக்கலாம். எது என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாதந்தோறும் அந்த நடு இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு இதில் உங்களுக்குச் சமமான குரல் இருக்க வேண்டும்.

எந்த முடிவானாலும், முன்பணம் கட்டும் ரசீதில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ தனிப் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது ஒன்று. உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா, அதில் எந்தெந்தப் பாகங்கள் சேராது என்பது இரண்டு. இரண்டு சாவிகளும் முழுப் பராமரிப்புப் பதிவும் காரோடு வரும் என்பது மூன்று. 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.